பேர் சொல்லிக் கூப்பிட்ட சாமி

பால்குடத்திலிருந்து ஒரு சொட்டுத் தெறித்து நிவேதிதாவின் நெற்றியில் விழுந்து மூக்கோரமாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை. இரண்டு கைகளாலும் குடத்தைப் பிடித்திருந்தாள். சிலிகி ரோட்டின் தார் காலைச் சுட்டது. முன்னால் போன பெண் நடந்தால் நடந்தாள், நின்றால் நின்றாள்.

"மெதுவா நட நிவி. பால் தளும்புது," என்றார் பக்கத்தில் வந்த ரெங்கசாமி. அவள் கணவன் தனசேகரனின் அக்கா சரசுவை மணந்தவர். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடிக் குழு நடத்துபவர். இந்த வருஷம் தன் குழுவை யாரிடமோ விட்டுவிட்டு இவளோடு வந்திருந்தார்.

"மணி என்ன அண்ணே?"

"பதினொண்ணு ஆகப் போவுது."

"டாக்டர் பன்னெண்டுன்னு சொன்னாங்களே."

"சொல்லுவாங்க லா. அவங்க பன்னெண்டுன்னா ஒண்ணு ஆவும். நீ பால நெனச்சு நட."

அவள் பாலை நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாயில் குழாயோடு கிடக்கும் தனசேகரனை நினைத்தாள். மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது, மூச்சு விடுவது இயந்திரம்தான் என்று முதல் டாக்டர் நேற்றுச் சோதித்துச் சொல்லிவிட்டார். இன்று இரண்டாவது டாக்டர் தனியாகச் சோதிப்பார். அவரும் அதையே சொல்லிவிட்டால் தனசேகரன் இறந்துவிட்டவன். சொல்லும் வரைக்கும்? சொல்லும் வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறவன் என்றுதான் சரசு பிடிவாதமாக இருந்தாள்.

"அவன் நேர்ந்துக்கிட்டது பாதியில நிக்குது நிவி. அதான் உசுரும் பாதியில நிக்குது," என்று நேற்று ஆஸ்பத்திரி நடையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் சரசு. "அவன் பேரச் சொல்லி நீ பால்குடம் எடு. அந்த டாக்டர் பாக்கறதுக்குள்ள பால் வேல் மேல விழுந்துரணும். எழுந்து உக்காருவான் பாரு."

நிவேதிதா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். மூளையை வெண்பலகையில் வரைந்து, எந்தப் பகுதி எதைச் செய்கிறது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் குறித்துக் காட்டியவள். ஆனால் வெள்ளத்தில் போகிறவளுக்குத் துரும்பும் தெப்பம்தான். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, விடிந்ததும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயில் வாசலில் போய் வரிசையில் நின்றுவிட்டாள்.

தனசேகரனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தைப்பூசக் காவடி. இன்னொன்று இ-ஸ்கூட்டர். பஸ் பணிமனையில் பகலெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனுக்கு, சாயங்காலம் பொங்கோல் நீர்வழி ஓரமாகக் காற்று முகத்தில் அடிக்க ஒரு சுற்று போய் வராவிட்டால் சோறு இறங்காது. கூட்டாளி நூர்தீன். "பொண்டாட்டி இல்லாமகூட இருந்துருவேன், இது இல்லாம முடியாது," என்று அவளிடமே சொல்லிவிட்டுச் சிரிப்பான். அந்தப் பாதையில் ஹெல்மெட் கட்டாயமில்லை. அவளுடைய நச்சரிப்புக்காகத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

ஹெல்மெட் இருந்த இடம் வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரியின் மேல்தட்டு. விரதம் தொடங்கியதும் சரசு அதைப் பார்த்துவிட்டாள். "செருப்போட கெடக்கறத மாலை போட்டவன் தலையில வைக்கறதா? என்னடி வீடு இது!" அது நியாயம் என்றே நிவேதிதாவுக்குப் பட்டது. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மஞ்சள் தண்ணீரில் அதை முக்கித் தேய்த்துக் கழுவிச் சமையலறைக் கொடியில் மாட்டினாள். உள்ளே இருந்த பஞ்சு சாயங்காலம் வரை காயவில்லை. தனசேகரன் அதை அழுத்திப் பார்த்தான். "சொதசொதன்னு இருக்கு. ஒரு நாள்தானே, ஒரே ரவுண்டு, பூசைக்கு முன்னாடி வந்துருவேன்," என்று வெறும் தலையோடு போய்விட்டான். அவளும் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னபடியே பூசைக்கு முன்னால் வந்தான். முழங்கையைப் பிடித்துக்கொண்டே நேராகக் குளிக்கப் போனான். அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் வெள்ளிக்கிழமைப் பூசை. காவடிக் குழு முழுக்கக் கூடத்தில் இருந்தது. ரெங்கசாமி உறுமியை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு இரண்டாவது சுற்று வருவதற்குள், விளக்குக்கு முன்னால் நின்ற தனசேகரன் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினான். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"வந்துட்டான்டி என் அப்பன்!" என்று கத்தினாள் சரசு. போன வருஷம் வரவில்லை, அதற்கு முந்தின வருஷமும் வரவில்லை. காவடி எடுக்கிற தம்பிக்கு அருள் வரவில்லையே என்று அவளுக்கு ஒரு குறை. விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பினாள். உறுமி வேகம் பிடித்தது.

"வெளிச்சம்..." என்று முனகினான் தனசேகரன். "வெளிச்சத்த அணைங்க."

சாமி கேட்டுவிட்டது. ரெங்கசாமியே எழுந்து போய் விளக்குகளை அணைத்தார். குத்துவிளக்கும் கற்பூரமும் மட்டும் எரிந்தன. அவன் குமட்டி, குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான். விரத வயிறு, சாமி உக்கிரம் தாங்கவில்லை என்றார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை வெட்டினார்கள். ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை அந்தக் கூடத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. கெட்டவர்கள் என்று யாரைச் சொல்வது? அத்தனை பேரும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

கற்பூர வெளிச்சத்தில் நிவேதிதா அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். ஒரு கண்ணில் கருமணி அகலமாக விரிந்திருந்தது. மற்றதில் சின்னதாக இருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி பார்க்கிறது என்றே நினைத்தாள். காலில் விழுந்தாள். அவன் குனிந்து அவள் தோளை இறுகப் பிடித்தான்.

"நிவி... தல..."

"பேரு சொல்லிக் கூப்பிடுதுடி சாமி!" சரசு அழுதுவிட்டாள். "கேளு! என்ன வேணும்னு கேளு!"

நிவேதிதா மகளுக்காகக் கேட்டாள். "பவித்ராவுக்கு அவ கேட்ட காலேஜ் கெடைக்கணும் சாமி."

அவன் தலை முன்னால் தொங்கியது. சாமி சரியென்று சொல்லிவிட்டதாக எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு பாயில் படுத்தவன் பெரிய குறட்டையாக விட்டுத் தூங்கினான். சாமி ஏறி இறங்கிய உடம்பு, எழுப்பாதே என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பொட்டலம் சுண்டலோடு கிளம்பிப் போனார்கள்.

காலையில் நூர்தீனின் போன் வந்தது. "சிஸ்டர், சேகர் தல இப்ப எப்படி இருக்கு லா? போன் எடுக்கவே மாட்றான்."

"என்ன தல?"

"சொல்லலையா? நேத்து விழுந்துட்டான் சிஸ்டர். சின்னப் புள்ள ஒண்ணு சைக்கிள்ல குறுக்க வந்துச்சு. இவன் பிரேக் அடிச்சு, தல போய் ஓரக்கல்லுல... கொஞ்ச நேரம் கண்ணே தொறக்கல. அப்புறம் எழுந்து சிரிக்கறான். ஆஸ்பத்திரிக்கு வாடான்னேன். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, பூசை நாளும் அதுவுமா வண்டி எடுத்தேன்னு கொன்னுருவா அப்படின்னான். சிஸ்டர்? ஹலோ?"

அவள் போனைக் கீழே போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். குறட்டை நின்றிருந்தது. எவ்வளவு உலுக்கியும் அவன் எழவில்லை. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ராத்திரியெல்லாம் ரத்தம் கசிந்து அழுத்தியிருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் திறந்து வடித்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எவ்வளவு முன்னால் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஊர்வலம் டோபி காட் பக்கம் திரும்பியது. திடீரென்று முன்னால் ஒரு சத்தம். பால்குடம் எடுத்து வந்த ஓர் இளைஞன் வரிசையை விட்டு விலகி ஆடிக்கொண்டிருந்தான். குடத்தை அவனுடைய ஆட்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்திருந்தான்; கண் மேலே செருகியிருந்தது. அவன் அம்மா போலிருந்த பெண் கைகூப்பி நின்றாள். சுற்றிலும் "வேல் வேல்" என்று கோஷம்.

நிவேதிதா வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அந்தப் பையனின் பின்னந்தலையில் வைத்தாள். மயிருக்குள் விரலை விட்டுக் காதுக்குப் பின்னால், உச்சியில், பிடரியில் தடவித் தேடினாள்.

"தம்பி, எங்கயாச்சும் விழுந்தியா? வண்டி ஓட்டினியா? சொல்லுப்பா, தலையில அடி பட்டுச்சா?"

"அந்தம்மாவுக்கும் வந்துருச்சு," என்றார் யாரோ பின்னாலிருந்து.

"இல்ல! எனக்கு ஒண்ணும் வரல!" என்று அவள் கத்தினாள். "அவன் கண்ணப் பாருங்க! யாராச்சும் ஆம்புலன்ஸ கூப்பிடுங்க! கூப்பிடுங்கன்னு சொல்றேன்ல!" கத்தக் கத்தக் கோஷம் பலமாகியது. யாரோ அவள் நெற்றியில் விபூதி பூசினார்கள். அந்தப் பையனின் அம்மா சட்டென்று குனிந்து இவள் காலைத் தொட்டாள். நிவேதிதாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு மனுஷி தொண்டை கிழியக் கத்துவதை மனுஷி கத்துவதாகக் கேட்க இங்கே ஒரு காதுகூட இல்லையா?

பையன்தான் கேட்டான். கண்ணைத் திறந்து அவளை வெட்கத்தோடு பார்த்தான். "நான் ஓகேதான்கா," என்று மெதுவாகச் சொன்னான். "நான் விழலக்கா. நெஜமா."

ரெங்கசாமி அவள் முழங்கையைப் பிடித்து வரிசைக்குக் கொண்டு வந்தார். பால் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"லைட்ட நான்தான் அணைச்சேன் நிவி," என்றார் அவர் திடீரென்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"நானும் அங்கதானே அண்ணே இருந்தேன்," என்றாள்.

டேங்க் ரோடு கோயில் கோபுரம் தெரிந்தபோது அவர் இடுப்புப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அடித்து முடியும் வரை கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார்.

"யாரு அண்ணே?"

"கம்பெனிலேர்ந்து. ஒண்ணுமில்ல."

திரையில் சரசுவின் படம் வந்ததை அவளும் பார்த்திருந்தாள். பார்த்தேன் என்று சொன்னால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இன்னும் கோயில் வாசல் வரைக்கும் அவன் இருப்பான். அவள் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தெரியாதவர்களைப் போல் நடந்தார்கள்.

சந்நிதியில் ஒருவர் குடத்தை வாங்கினார், ஊற்றினார், வெறும் குடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பால் வேலின் மேல் வழிந்ததைப் பார்த்தாளா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "நகருங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க," என்றார் தொண்டர்.

டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சரசு தரையில் உட்கார்ந்திருந்தாள். பவித்ரா சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஊத்திட்டியா?" என்று எழுந்து வந்தாள் சரசு. "பால் ஊத்தியாச்சா? போய் டாக்டர்கிட்ட சொல்லு. அவங்க பாத்தப்ப நீ இன்னும் ஊத்தல. மறுபடியும் பாக்கச் சொல்லு. இங்கிலீஷ்ல நல்லா எடுத்துச் சொல்லுடி, எனக்குச் சொல்லத் தெரியல."

நிவேதிதா உள்ளே போனாள். அவளுக்கே தெரிந்த பைத்தியக்காரத்தனத்தை, அவளுக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், கைகூப்பிக்கொண்டு கேட்டாள். டாக்டர் சின்ன வயதுச் சீனப் பெண். பைக்குள்ளிருந்து சிறிய டார்ச்சை எடுத்து, "நீங்களே என்னோடு பாருங்கள்," என்றார். தனசேகரனின் இமையை விரலால் தூக்கி ஒளியைக் காட்டினார். இந்தக் கண். பிறகு அந்தக் கண். இரண்டு கருமணிகளும் ஒரே அளவாக விரிந்து கிடந்தன. ஒளி வந்ததும் சுருங்க வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்! சுருங்கு, சுருங்கு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இயந்திரம் அவன் நெஞ்சை ஏற்றி ஏற்றி இறக்கியது. கை சூடாகத்தான் இருந்தது.

"இன்னும் ஒரு தடவை," என்றாள்.

டாக்டர் இன்னும் ஒரு தடவை காட்டினார்.

அதற்குப் பிறகு அறுவை சிகிச்சைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். உறுப்புதானம் வேண்டாம் என்று உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்காதவர்களின் சிறுநீரகமும் ஈரலும் இதயமும் மற்றவர்களுக்குப் போகும். இந்த நாட்டுச் சட்டம் அது. தனசேகரன் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இதைக் கேட்டதும் சரசு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "மூச்சு ஓடிக்கிட்டு இருக்கறவன கூறு போடறதா? என்னங்க, நீங்க என்ன மரம் மாதிரி நிக்கறீங்க?" ரெங்கசாமி அவளைப் பிடித்துக்கொண்டார்.

முனீரா என்ற தாதி நிவேதிதாவின் பக்கத்தில் வந்து மெல்லப் பேசினாள். தமிழ்ப் பெண். "அக்கா, அவர் கழுத்துல மாலை இருக்கு. இத்தன நாளு நாங்க டேப் போட்டு அப்படியே வெச்சிருந்தோம். இப்ப உள்ள போறதுக்கு முன்னாடி எடுக்கணும். நீங்களே எடுக்கறீங்களா?"

"அத கழட்டக் கூடாது!" என்றாள் சரசு. "விரத மாலைம்மா அது. நேர்த்தி முடிஞ்சாத்தான் கழட்டணும். நான்தான் போட்டு விட்டேன், நான்தான் கழட்டணும்."

"நேர்த்தி முடிஞ்சிருச்சு அண்ணி," என்றாள் நிவேதிதா. "பால் ஊத்தியாச்சு. வாங்க, நீங்களே கழட்டுங்க."

சரசு கட்டில் வரைக்கும் வந்தாள். கையை நீட்டினாள். கழட்டிவிட்டால் பிறகு சொல்ல ஒன்றும் இருக்காது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. கையை இழுத்துக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் திணித்தாள். ரெங்கசாமி அவளைத் திரைக்கு வெளியே அழைத்துப் போனார்.

முனீரா குழாய்களை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாலையில் கொக்கி இல்லை; தலை வழியாகத்தான் எடுக்க வேண்டும். நிவேதிதா வலது கையை அவன் பிடரிக்குக் கீழே நுழைத்துத் தலையைத் தூக்கினாள். இவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. இடது கையால் மாலையை நெற்றிக்கு மேல் கொண்டுவந்தபோது, கீழே தாங்கியிருந்த விரல்களுக்கு அது தட்டுப்பட்டது. காதுக்குச் சற்றுப் பின்னால், மயிருக்கு உள்ளே, நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

விரல் அங்கேயே நின்றது.

"அக்கா?" என்றாள் முனீரா.

மாலை கழன்று கையோடு வந்துவிட்டது. நிவேதிதா அந்தத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வீக்கம் தலையணையில் படாதபடி மெல்ல இறக்கி வைத்தாள்.